வழியாகவா, சுற்றியா?

காலையில் முதல் டீயைக் குடித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தேன். காலணா அளவுக்கு ஒரு டீக்கறை. அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி, "ஏனுங்க, மறுக்காவுமா?" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. கழுத்து ஓட்டையை விரலால் மூடினால்தான் எனக்குப் பேச்சு வரும். ஒழுகுகிற நேரத்தில் மூடினால் பேச்சுக்குப் பதிலாக இன்னொரு இருமல்தான் வரும். கையை மட்டும் ஆட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. டார்ச்சையும் சவரக் கண்ணாடியையும் எடுத்து வந்து முன்னால் வைத்தாள்.

உடுமலைப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கூடவே பம்புசெட் ரிப்பேர். 2019 ஆகஸ்டில் குரல்வளையில் புற்றுநோய் என்று சொல்லி, குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். பதினேழு வயதில் பற்றவைத்த பீடியை ஐம்பத்தேழு வயது வரை அணைக்கவில்லை, காரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கரண்ட் வைத்தார்கள். எங்கள் பக்கம் ரேடியேஷனுக்கு அதுதான் பெயர். ஆயுசெல்லாம் கரண்டோடு மல்லுக்கட்டியவனுக்கு அதிலும் ஒரு பங்கு வந்து சேர்ந்தது.

குரல்வளையை எடுத்துவிட்டால் மூச்சுக்குழாயின் மேல்முனை அந்தரத்தில் நிற்கும். அதை முன்பக்கம் கொண்டுவந்து கழுத்தடியில் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அந்த ஓட்டைதான் ஸ்டோமா. அதற்குப் பிறகு மூச்சு முழுக்க அதன் வழியாகத்தான். வாய்க்கும் மூக்குக்கும் நுரையீரலோடு இருந்த உறவு அறுந்துபோகிறது. மூச்சுக்குழாய் முன்னாலும் உணவுக்குழாய் அதன் முதுகிலும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரில் ஒரு துளை போட்டு, ஒரு சின்ன சிலிக்கான் வால்வைச் சொருகிவிடுகிறார்கள். ஸ்டோமாவை விரலால் மூடி மூச்சை வெளியே விட்டால், காற்றுக்கு வேறு வழியில்லாமல் வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு உணவுக்குழாய்க்குள் போகும். அங்கே மேல்பக்கத்துச் சதை அதிரும். அந்த அதிர்வை நாக்கும் உதடும் வார்த்தையாக்கிவிடும். என் குரல் இப்போது கரகரவென்று, தொண்டை கட்டிய பெரியவர் குரல் மாதிரி இருக்கிறது. போனில் அழைப்பவர்கள், "உடம்புக்கு முடியலீங்களா?" என்று ஆரம்பிக்கிறார்கள். ஊரில் சிலர், எம்.ஜி.ஆருக்குக் குண்டடிபட்ட பிறகு வந்த குரல் மாதிரி இருக்கிறது என்றார்கள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் முதன்முதலில் அந்த வால்வைக் கையில் கொடுத்தபோது, இது எனக்குத் தெரிந்த சாமானாயிற்றே என்றுதான் தோன்றியது. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஃபுட்வால்வு ஒன்று இருக்கும். தண்ணீர் மேலே ஏறும்போது திறக்கும், மோட்டார் நின்றதும் மூடிக்கொள்ளும். அது சரியாக மூடவில்லை என்றால் குழாயில் நின்ற தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். மறுநாள் காலை மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. என் கழுத்துக்குள் இருப்பது அதற்குத் தம்பி முறை. காற்று முன்னாலிருந்து பின்னால் போகலாம். சோறும் தண்ணீரும் பின்னாலிருந்து முன்னால் வரக் கூடாது. வந்தால் அது போய் விழுவது நுரையீரலில்.

இந்த வித்தையின் சரித்திரத்தைத் தேடிப் படித்தபோது, அது முழுக்கக் கசிவோடு நடந்த சண்டையாகத்தான் எனக்குத் தெரிந்தது. புற்றுநோய்க்காக முழுக் குரல்வளையையும் முதலில் எடுத்தவர் வியன்னாவில் பில்ரோத் என்ற சர்ஜன், 1873ஆம் வருடக் கடைசி நாளில். அவருடைய உதவியாளர் குசன்பவர் உலோக நாக்கு வைத்த ஒரு செயற்கைக் குரல்வளையைக்கூட அந்த நோயாளிக்குப் பொருத்தினார். 1930களின் தொடக்கத்தில் சிகாகோவில் நடந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. குரல்வளை எடுக்கப்பட்ட ஒரு மனிதர், ஐஸ் உடைக்கிற ஊசியைக் காய்ச்சித் தன் கழுத்துக்குள் தானே ஓட்டை போட்டுக்கொண்டார். அதன் வழியாகக் காற்றைத் தள்ளிப் பேசியும் காட்டினார். கட்மேன் என்ற டாக்டர் அதைப் பதிவு செய்திருக்கிறார். டாக்டர்கள் பின்னால் கண்டுபிடித்த வழியை ஒரு நோயாளி சமையலறைச் சாமானை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் இப்படிப் போட்ட துளைகளில் இரண்டு தொல்லை. விட்டால் தானாக மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் எச்சிலும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அந்த இரண்டுக்கும் சேர்த்து ஒருவழி வால்வைச் சொருகியவர்கள் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் இருந்த சிங்கர் என்ற சர்ஜனும், ப்ளோம் என்ற பேச்சுப் பயிற்சி நிபுணரும். 1980இல் அதை வெளியிட்டார்கள். பிறகு 1990இல் நெதர்லாந்தில் ப்ரோவாக்ஸ் என்ற வால்வு வந்தது. இன்று எங்களில் பெரும்பாலோர் கழுத்தில் இருப்பது இந்த இரண்டு வம்சங்களில் ஏதாவது ஒன்றுதான்.

சரி, ஒழுகலுக்கு வருகிறேன்.

"ஃபுட்வால்வு ஒழுகுதுங்க" என்று யாராவது கடைக்கு வந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, வால்வு வழியாக ஒழுகுகிறதா, வால்வைச் சுற்றி மரையில் ஒழுகுகிறதா என்பதுதான். முதலாவது என்றால் தட்டில் இலையோ மண்ணோ சிக்கியிருக்கும், அல்லது தோல் தேய்ந்திருக்கும். இரண்டாவது என்றால் வால்வில் குற்றமே இல்லை, அது உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் குற்றம். அது தெரியாமல் புது வால்வு வாங்கிப் போட்டவர்கள் மறுவாரமே திரும்ப வருவார்கள். என் கழுத்து விஷயத்தில் இதே கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடத்தில் நான் பட்ட பாட்டில் பாதி, கேட்காமல் விட்டதால் வந்தது.

பார்க்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தது ஆஸ்பத்திரியில் இருந்த ஸ்பீச் தெரபிஸ்ட் பொண்ணு. "அப்பா, ஒரு மடக்கு குடிங்க. முழுங்கிட்டு அப்படியே அசையாம இருங்க." டார்ச் அடித்து ஸ்டோமாவுக்குள் பார்த்தது. நிறம் சேர்த்த தண்ணீர் வால்வின் நடுவிலிருந்து சொட்டினால் வழியாக. விளிம்பைச் சுற்றிக் கசிந்தால் சுற்றி. வீட்டில் பாலே போதும், சிவந்த சதைமேல் வெள்ளை பளிச்சென்று தெரியும். சில வால்வுகளுக்குத் தக்கை மாதிரி ஒரு சின்ன அடைப்பான் உண்டு. அதைச் செருகிவிட்டுக் குடித்துப் பார்க்கலாம். ஒழுகல் நின்றால் வழியாக, நிற்காவிட்டால் சுற்றி. இவ்வளவுதான் பரீட்சை.

எனக்கு முதல் ஒழுகல் ஐந்தாவது மாதம் வந்தது. நடுவிலிருந்துதான். முதலில் செய்ய வேண்டியது பிரஷ். வால்வுக்கென்றே குட்டியாக, பாட்டில் கழுவுகிற பிரஷ் போல ஒன்று கொடுப்பார்கள். தண்ணீரில் நனைத்து வால்வுக்குள் விட்டு மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். காலையிலும் இரவிலும் கட்டாயம், சாப்பாட்டுக்குப் பிறகும் ஒருமுறை என்றால் நல்லது. பல நாள் அதிலேயே நின்றுவிடும். ஒரு சோற்றுப் பருக்கையின் ஓரம், கறிவேப்பிலைத் துணுக்கு, ஒருமுறை கடுகுத் தோல். கடுகை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் தட்டில் தாளிப்பு குறைந்துவிட்டது. வழுவழுப்புக்கு வாஸ்லின், எண்ணெய் எதையும் வால்வில் தொடவிடக் கூடாது, சிலிக்கானைக் கெடுத்துவிடும். நான் கிரீஸ் டப்பாவோடு வாழ்கிறவன் என்பதால் அந்தப் பொண்ணு இதை எனக்கு மூன்று முறை சொன்னது.

பிரஷ் போட்டும் நிற்கவில்லை. மாற்ற வேண்டும் என்றார்கள். இரவெல்லாம் தூக்கமில்லை, மறுபடி மயக்க மருந்து, மறுபடி தையல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போய் உட்கார்ந்தால், பல் பிடுங்குகிற நேரம்கூட ஆகவில்லை. மரத்துப்போக ஒரு ஸ்பிரே. இடுக்கியால் பழையதைப் பிடித்து இழுத்தார்கள். குழாய்போல் இருந்த ஒரு கருவியால் புதியதைத் துளைக்குள் தள்ளினார்கள். உள்பக்கத்து விளிம்பு விரிந்து உட்கார்ந்ததும், பிடித்திருந்த வாலை நறுக்கினார்கள். "ஒண்ணு ரெண்டு எண்ணுங்கப்பா." எண்ணினேன். தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை.

கழற்றிய பழைய வால்வைக் கேட்டு வாங்கி வந்தேன். கடையில் மெல்லிய காயில் கம்பியைப் பார்க்கிற லென்ஸுக்கு அடியில் வைத்தேன். மூடித் தட்டின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. ஊறுகாய் ஜாடி ஓரத்தில் படிகிறதே, அது மாதிரி. காண்டிடா என்கிற பூஞ்சை. எல்லோர் வாயிலும் கொஞ்சம் இருப்பதுதான். சிலிக்கானில் அது ஆடையாகப் படர்ந்து, பாக்டீரியாவையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, உள்ளேயே வேர்விடும். தட்டின் ஓரம் நெளிந்துபோனால் மூடாது. கரண்ட் வைத்த வாயில் எச்சில் குறைந்துபோவதால் பூஞ்சைக்கு இன்னும் வசதி. இதற்கு நிஸ்டாடின் திரவத்தை வாயில் வைத்துக் கொப்பளித்து விழுங்கச் சொன்னார்கள். அதையும் டாக்டர் சொன்ன நாள்கணக்குக்குத்தான் எடுத்தேன், மருந்துக் கடையில் நானாக வாங்கிக் குடிக்கவில்லை. பல்செட் வைத்திருப்பவர்கள் அதை இரவில் கழற்றிக் கழுவ வேண்டும், பூஞ்சைக்கு அதுவும் ஒரு வீடு.

இதில் ஒரு சுவாரசியம். நெதர்லாந்தில் குரோனிங்கன் என்ற ஊர்ப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், மோரும் புளிக்கவைத்த பால் பானங்களும் வால்வில் படியும் இந்த ஆடையைக் குறைக்குமா என்று சோதனை செய்திருக்கிறார்கள், நோயாளிகளையும் குடிக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்காரியிடம் சொன்னேன். "மோரு குடிக்கறதுக்கு வெள்ளைக்காரன் சொல்லோணுமாக்கு?" என்றாள். அதிலிருந்து மத்தியானம் ஒரு செம்பு மோர். அதனால்தான் என் அடுத்த வால்வு அதிக நாள் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் குடித்ததில் நஷ்டமில்லை.

அடுத்த ஒழுகல் 2020 ஏப்ரலில். அது எந்த நேரம் என்று உங்களுக்கே தெரியும். பஸ் இல்லை, கார் என்றால் பாஸ் வேண்டும், கோயம்புத்தூருக்குள் போகவே பயம். இன்னொரு கணக்கும் மனசில் ஓடியது. இறக்குமதி வால்வு ஒன்றின் விலைக்கு ஒரு மோனோபிளாக் பம்பே வாங்கிவிடலாம். அதுவும் சில மாதங்களுக்கு ஒருமுறை. பெங்களூரில் விஷால் ராவ் என்ற புற்றுநோய் டாக்டர், 50 ரூபாய் விலையில் 'ஓம்' என்று ஒரு வால்வைச் செய்திருக்கிறார் என்ற செய்தியைப் படித்து, அந்தப் பேப்பரை வெட்டி வைத்திருந்தேன். நான் போகிற ஆஸ்பத்திரியில் அது இல்லை. சரி, இருக்கிறதை ஓட்டுவோம் என்று முடிவு செய்தேன். சாப்பிடும்போது அடைப்பானைச் செருகிக்கொள்வது, தண்ணீருக்குப் பதில் கம்மங்கூழ், கெட்டியான கஞ்சி. கெட்டியாக இருப்பது ஒழுகாது, தண்ணீர்தான் ஒழுகும். இந்த உபாயம் இரண்டு மூன்று நாளைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரைக்கும் உரியது. நான் ஐந்து வாரம் ஓட்டினேன்.

ஆறாவது வாரம் காய்ச்சல், நடுக்கம், மஞ்சள் சளி. நிமோனியா. பக்கத்தில் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக முடிந்தது. மூச்சு வாங்குகிறது என்றதும் அங்கே இருந்த இளம் டாக்டர் செய்த முதல் காரியம், ஆக்சிஜன் மாஸ்க்கை என் மூக்கில் மாட்டியது. நான் கையைக் காட்டுகிறேன், அவர் என் கையைப் பிடித்துக் கீழே வைக்கிறார். குரல் வராது, ஓட்டையை மூடிப் பேச மூச்சு இல்லை. கடைசியில் என் வீட்டுக்காரி மாஸ்க்கைப் பிடுங்கிக் கழுத்தில் வைத்து, "இங்கீங்க! இதுதானுங்க அவருக்கு மூக்கு!" என்று கத்தினாள். அந்த டாக்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. கழுத்தில் ஓட்டை போட்டவர்களில் ட்ரக்கியாஸ்டமி நோயாளிகள்தான், அதாவது குரல்வளையை எடுக்காமல் மூச்சுக்காக மட்டும் ஓட்டை போட்டவர்கள்தான் அதிகம். அவர்களில் பலருக்கு மூக்கு வழியும் கொஞ்சம் திறந்திருக்கும். எங்களுக்கு அப்படி ஒரு வழியே கிடையாது. அன்று கொரோனா சோதனைக்கும் மூக்கில் மட்டும் குச்சி விட்டார்கள். எங்களுக்குக் கழுத்து ஓட்டையிலும் எடுக்க வேண்டும் என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. இப்போது என் சட்டைப் பையில் லேமினேஷன் போட்ட அட்டை ஒன்று இருக்கிறது. "குரல்வளை இல்லை. கழுத்து ஓட்டை வழியாக மட்டுமே மூச்சு. ஆக்சிஜன், செயற்கை சுவாசம் எல்லாம் கழுத்தில்." தமிழிலும் ஆங்கிலத்திலும். பைக் சாவியிலும் இதே வாசகம் சின்னதாகத் தொங்குகிறது.

நிமோனியா ஆறி, புது வால்வு போட்டு, மூன்று வாரம்கூட ஆகவில்லை. மறுபடியும் துணியில் கறை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வால்வு சொத்தை, கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் போய் ஓட்டையை விரலால் மூடி மூடிக் கத்தினேன். அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசாமல் டார்ச்சை எடுத்தது. பாலைக் குடிக்கச் சொன்னது. பிறகு, எனக்கும் தெரியட்டும் என்று கண்ணாடியைப் பிடித்தது. வால்வின் நடு உலர்ந்து கிடக்கிறது. ஓரத்தைச் சுற்றி வெள்ளை நூல்போல இறங்குகிறது. 35 வருட மெக்கானிக் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

சுற்றிக் கசிவதற்கு முதல் காரணம் நீளம். ஆபரேஷன் சமயத்தில் அந்த நடுச்சுவர் வீங்கித் தடிமனாக இருக்கும், அதற்கேற்ற நீளத்தில் வால்வு போடுவார்கள். எனக்குப் போட்டது 10 மில்லிமீட்டர். வீக்கம் வற்றினால் சுவர் மெலியும், வால்வு நீளமாகிப்போகும். ஒவ்வொரு முழுங்கலுக்கும் இருமலுக்கும் அது பிஸ்டன் மாதிரி முன்னும் பின்னும் நகரும். நகர்ந்து நகர்ந்து துளையைத் தேய்த்துப் பெரிதாக்கும். அளவுகோலை விட்டு அளந்து 6 மில்லிமீட்டருக்கு மாற்றினார்கள். மூன்று மாதம் நிம்மதி. அளவு ரொம்பக் குட்டையாகப் போனாலும் ஆபத்து, சதை மேலே வளர்ந்து வால்வை மூடிவிடும். அதனால் ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் அளக்கச் சொல்லுங்கள். பழைய அளவையே எழுதி வாங்கிவரச் சொன்னால், ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிறகு துளையே அகன்றுவிட்டது. இந்த இடத்தில் என் புத்தி மறுபடி பம்புசெட் பக்கம் போனது. துளை பெரிதானால் தடித்த வால்வாகப் போட வேண்டியதுதானே? விட்டத்தை பிரெஞ்சு என்ற அளவில் சொல்கிறார்கள், மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர். 22.5 பிரெஞ்சு என்றால் ஏழரை மில்லிமீட்டர். அதற்கும் மேலே போட முடியாதா என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். சதை இரும்பில்லை, தடித்ததைத் திணித்தால் துளை இன்னும் விரியும், கனமும் கூடும் என்றார். உடனே எனக்கு, பம்பில் கசிவை நிறுத்தத் தண்டைச் சுற்றித் திணிக்கிற கிளாண்டு கயிறு ஞாபகம் வந்தது. பம்பு தண்டைச் சுற்றிச் சொட்டுகிறது என்று கிளாண்டை மேலும் மேலும் இறுக்குகிறவன், தண்டையே தேய்த்து வைப்பான். எத்தனை பேரை அதற்காகத் திட்டியிருக்கிறேன்!

அவர்கள் செய்தது வேறு. உணவுக்குழாய்ப் பக்கம் அகலமான விளிம்பு வைத்த வால்வு போட்டார்கள். மூச்சுக்குழாய்ப் பக்கம் மெல்லிய சிலிக்கான் தாளில் வட்டமாக வெட்டிய ஒரு வாசர். ஆமாம், வாசர்தான். அதோடு ரத்தச் சோதனை. கழுத்தில் கரண்ட் வைத்தவர்களுக்குத் தைராய்டு மந்தமாகிப்போகும், அது குறைந்தால் சதை ஆறாது. எனக்குக் குறைந்திருந்தது, மாத்திரை ஆரம்பித்தார்கள். வயிற்று அமிலம் மேலேறினாலும் துளையோரம் அரிக்கும், அதற்கும் மாத்திரை. சாப்பாட்டில் சத்து போதவில்லை என்று திட்டு. இத்தனைக்கும் மசியாவிட்டால் வால்வை எடுத்துவிட்டுத் துளை சுருங்கக் கொஞ்ச நாள் விடுவது, துளையைச் சுற்றிச் சுருக்குப்பை மாதிரி தையல் போடுவது, கடைசியில் துளையையே மூடிவிடுவது என்று வரிசையாக வழிகள் இருக்கின்றன. எனக்கு வாசரோடும் தைராய்டு மாத்திரையோடும் நின்றது. புற்றுநோய் திரும்பிவந்தாலும் துளை அகலும் என்பதால் அதையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். ரிசல்ட் வருகிற வரை அந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

ஒழுகல் தொல்லைதான், ஆனால் பயம் வேறொன்றில் இருக்கிறது. ஒருநாள் இரவு பலமாக இருமிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் வால்வைக் காணோம். துளை மட்டும் திறந்து கிடக்கிறது. இதற்காகவே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் 14ஆம் நம்பர் சிவப்பு ரப்பர் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயைக் கொடுத்து, சொல்லியும் வைத்திருந்தார்கள். வால்வு வெளியே வந்துவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பிக்கும். அதற்குள் கத்தீட்டரைத் துளைக்குள் விட்டு, வெளிமுனையில் முடிச்சுப் போட்டு, பிளாஸ்திரியால் கழுத்தில் ஒட்டிவிட வேண்டும். முடிச்சு எதற்கென்றால், வயிற்றில் இருப்பது அதன் வழியாக மேலே வராமல் இருக்க. கை நடுங்கியது. ஆனாலும் கத்தீட்டர் உள்ளே போய்விட்டது. கழன்ற வால்வைக் கழுவி நாமே திருப்பிச் செருகுவது கூடாது, இது டாக்டர் வைக்கிற வகை. சொருகிவிட்டு இரண்டு பேரும் தேட ஆரம்பித்தோம். கட்டிலுக்கடியில், போர்வையில், துண்டில். கிடைக்கவில்லை என்றால் நுரையீரலுக்குள் விழுந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இருமலும் இல்லை, மூச்சும் சரியாக இருக்கிறது, விடிந்தபிறகு பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. வண்டிக்குச் சொல்லிவிட்டோம். செருப்பு மாட்டும்போதுதான் கிடைத்தது. செருப்புக்குள்ளேயே இருந்தது. எப்படி அங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

ஒழுகாமலேயே பேச்சு வராமல் போவதும் உண்டு. ஆஸ்பத்திரியில் என்னோடு வரிசையில் உட்காரும் தாராபுரத்துக்காரர் ஒருவருக்கு வால்வு புதுசு, துளையும் சரி. ஆனால் பேசப்போனால் முகம் சிவந்து நரம்பு புடைக்கும், சத்தம் வராது. வால்வைக் கழற்றிவிட்டு வெறும் துளை வழியாகக் காற்றைத் தள்ளச் சொன்னார்கள். அப்போதும் வரவில்லை. அப்படியென்றால் குற்றம் வால்வில் இல்லை. மேலே அதிர வேண்டிய சதை இறுகிப் பூட்டிக்கொள்கிறது. அதில் போடாக்ஸ் ஊசி போட்டு இளக்கினார்கள். சினிமாக்காரர்கள் முகச்சுருக்கத்துக்குப் போடுகிற அதே மருந்து. இப்போது என்னைவிட நன்றாகப் பேசுகிறார். எனக்குப் பேச்சு திணறியபோது காரணம் அற்பமானது, விரலை ரொம்ப அழுத்திக்கொண்டிருந்தேன். அழுத்தினால் பின்சுவர் வந்து வால்வை அடைத்துக்கொள்ளும். பூவைத் தொடுகிற மாதிரி தொட்டால் போதும். ஸ்பேனர் பிடித்த கைக்கு அதைக் கற்க நாள் ஆனது.

விரலுக்கும் ஓட்டைக்கும் நடுவில் இப்போது ஃபில்டர் கேசட் ஒன்று வைத்திருக்கிறேன். மூக்கு செய்த வேலையை, அதாவது காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவதை, அது கொஞ்சம் செய்கிறது. வைத்த ஒரு மாதத்தில் சளி பாதியாகக் குறைந்தது. மூக்கு வழியாகக் காற்று போகாததால் வாசனையும் போய்விடும். மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ போகும், சாம்பார் போகும். எனக்குப் போனது காயில் எரிந்த வாசனை. மோட்டாரைத் திறப்பதற்கு முன்பே மோந்து பார்த்து, எரிந்துவிட்டதா பிழைத்திருக்கிறதா என்று சொல்கிறவன் நான். அதற்கும் டச்சுக்காரர்கள் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். சபையில் கொட்டாவியை அடக்குகிறோமே, அது மாதிரி உதட்டை மூடிக்கொண்டு தாடையையும் நாக்கின் அடியையும் கீழே இறக்க வேண்டும். வாய்க்குள் வெற்றிடம் உண்டாகி மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே வரும். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கடைக்கு வருகிறவர்கள், மெக்கானிக் மோட்டாரைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். வார்னிஷ் எரிந்த நாற்றம் இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வந்த அன்று, அந்த மோட்டாரை நான் இலவசமாகக் கட்டிக்கொடுத்தேன்.

போன வாரம் காலை டீயில் வந்த கறைக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில்தான் சொட்டியது. பிரஷ் போட்டேன், நிற்கவில்லை. போட்டு எட்டு மாதமான வால்வு, உழைத்தது போதும். அடைப்பானைச் செருகிக்கொண்டு மறுநாளே கோயம்புத்தூர் பஸ் ஏறினேன்.

வெளியே பெஞ்சில் புதிதாக ஆபரேஷன் ஆன ஒருவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் அவர் மனைவி, கையில் கறை படிந்த துணி. அந்தம்மா என் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி, "ஏனுங்ணா, இந்த வால்வு எத்தன நாளைக்கு வருமுங்க? இவருக்கு ரெண்டே மாசத்துல ஒழுகுதுங்க. டூப்ளிகேட்டா இருக்குமோன்னு பயமா இருக்குதுங்க" என்றது. என் வால்வில் அடைப்பான் இருந்ததால் பேச முடியவில்லை. எதிர்க் கடையைக் காட்டி, பால் ஒரு கிளாஸ் என்று ஜாடை செய்தேன். அந்தம்மா குழப்பத்தோடு போய் வாங்கி வந்தது. நான் பையிலிருந்து டார்ச்சை எடுத்தேன்.

அவர் ஒரு மடக்கு குடித்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தார். நான் குனிந்து பார்த்தேன். பிறகு அடைப்பானை எடுத்துவிட்டு, ஓட்டையை மெதுவாக மூடி, இருமலுக்கு நடுவே சொன்னேன்: "சுத்தி."